மட்டக்களப்பில் ஒரு பழைய ஒமேகா: எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது

பழைய டிரெஸ் வோச், அதாவது விசேசத்துக்குக் கட்டும் மணிக்கூடு, என்று சொன்னாலே நம்மூரில் பலருக்கும் கண் தங்க நிறத்தில்தான் போய் விழும். அதனால்தான் இந்த விவகாரத்தை ஆதியோடந்தமாக எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். ஒரே ஆள் கட்டிய இரண்டு மணிக்கூடுகள், ஒரே அலுமாரியில் ஒரே காலம் கிடந்தவை. ஒன்று தங்க நிறம், மற்றது வெறும் ஸ்டீல், ஒமேகா என்ற சுவிஸ் கம்பெனியுடையது. குடும்பம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது தங்க நிறத்தை. சேகரிக்கிறவர்கள் கை நீட்டுவது ஸ்டீலுக்கு. இது எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தவர் கல்லடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் வீட்டாருக்குப் பழக்கமானவர், இங்கே சேர் என்றே எழுதுகிறேன்.

சேருடைய தகப்பனார் கல்லோயா அபிவிருத்திச் சபையில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். 1949இல் தொடங்கிய சபை அது, இங்கினியாகலை அணையும் சேனாநாயக்க சமுத்திரமும் அம்பாறைக் குடியேற்றங்களும் எல்லாம் அதன் காலத்து வேலைகள். நிரந்தர அரச சம்பளம், மாதம் தவறாமல் கையில் காசு. தங்க நிற மணிக்கூடு கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் போட்டது. ஸ்டீல் ஒமேகாவை அதற்குப் பிறகு கொழும்பு கோட்டையில் தானே சம்பளத்தைச் சேர்த்து வாங்கியிருக்கிறார். ரசீது இல்லை, பெட்டியும் இல்லை. இரண்டையும் அவர் வேலைக்குக் கட்டியதில்லையாம். ஒபீசுக்கு வேறொரு மலிவான மணிக்கூடு இருந்தது. இவை கல்யாண வீடு, கோயில் திருவிழா, மேலதிகாரி வீட்டு விருந்து என்று வருசத்தில் சில தரம் மட்டும் வெளியே வருபவை.

இப்போது சேருடைய மகளுக்குக் கல்யாணம். தாத்தாவின் மணிக்கூட்டில் ஒன்றை மாப்பிள்ளைக்குப் போட வேண்டும். எதைப் போடுவது, போடுவதற்கு முன் டயலுக்குப் புதுசாக வெள்ளி பூசி எழுத்தையெல்லாம் கறுப்பாக எழுதுவித்து, வெளிக்கூடான கேஸையும் பொலிஷ் பண்ணிப் பளபளவென்று ஆக்கலாமா? இதுதான் கேள்வி. கனடாவில் இருக்கும் சேருடைய தங்கச்சி ஒருபடி மேலே போய், ஸ்டீலுக்கும் தங்கம் பூசிவிடுங்கள், சோடியாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்.

டிரெஸ் வோச் என்கிற சாமான் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது விளங்காது. மெல்லிசாக இருக்கும், வெறிச்சென்ற டயல், இலக்கத்துக்குப் பதில் பெரும்பாலும் ஒட்டிய கோடுகள், தோல் பட்டி. நிறுத்து மணிக்கூடு கிடையாது, சுழல் வளையம் கிடையாது, இருட்டில் ஒளிராது, பல மாதிரிகளில் திகதிகூட இல்லை. 1932இல் பட்டெக் பிலிப் வெளியிட்ட கலட்ராவா 96 என்ற மாதிரியைத்தான் இந்த வகைக்கு முன்மாதிரி என்று பலரும் சொல்வார்கள். அது ஏறக்குறைய 31 மில்லிமீற்றர் அகலம்தான், இன்றைக்குக் கடையில் விற்கும் ஆண்கள் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளுடையது மாதிரித் தெரியும். ஐரோப்பாவில் இதை மெல்லிசாகச் செய்ததற்குக் காரணம் கோட்டின் கீழ் நீளக் கைச் சட்டைக்குள் சத்தமில்லாமல் நழுவிப் போக வேண்டும் என்பதுதான். அங்கே அது மறைந்திருக்கிற நகை. இங்கே கதை வேறு. வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாகக் கல்யாண வீட்டுக்குப் போனவரின் மணிக்கட்டில் அது முழுசாக வெளியே தெரிந்தது, வெயிலும் வேர்வையும் நேரே அதில் பட்டன. மறைப்பதற்காகச் செய்த சாமானை நாங்கள் காட்டுவதற்காகக் கட்டினோம். தங்க நிறத்துக்கு இங்கே மவுசு வந்ததும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, விசயத்துக்கு வருவோம். முதலில் தங்க நிறம். சுவிஸ் மணிக்கூடுதான், பெயர் இங்கே தேவையில்லை. பின்மூடியைத் திருப்பிப் பார்த்தால் 20 மைக்ரோன் என்று சின்னதாகப் பொறித்திருந்தது. அதாவது பித்தளைக்கு மேல் தங்கம் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசியிருக்கிறது. அந்தக் காலத்துப் பூச்சுகளில் அது தாராளமானது, இன்றைக்கு மலிவு மணிக்கூடுகளில் பூசுவது அதைவிட மிக மெல்லிசு. என்றாலும் பட்டி மாட்டுகிற காதுகளின் ஓரத்தில் பூச்சு தேய்ந்து உள்ளே மஞ்சள் பித்தளை தெரிந்தது, வேர்வை பட்ட இடத்தில் பச்சையாகக் களிம்பு. உண்மையான 18 கரட் சுவிஸ் கேஸ் என்றால் அந்தக் காலத்தில் ஹெல்வேசியா என்ற பெண்ணின் தலை முத்திரை உள்ளே இருக்கும், 14 கரட்டுக்கு அணில். இதில் இரண்டும் இல்லை. சேருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. வீட்டில் எல்லோரும் இத்தனை வருசமும் அது முழுத் தங்கம் என்றே நினைத்திருக்கிறார்கள்.

டயலைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் இன்னொன்று தெரிந்தது. இது எப்போதோ ஒருமுறை மறுபடி எழுதப்பட்ட டயல். எழுத்துகள் கொழுத்துப் போய், ஓரம் கூர்மையில்லாமல் இருந்தன. நிமிடக் கோடுகள் ஒட்டிய மணிக் கோடுகளுக்கு நேரே வரவில்லை, 4 மணிக்குப் பக்கத்தில் ஒரு மயிரிழை விலகி நின்றது. 6 மணிக்குக் கீழே வழக்கமாக இருக்கும் ‘சுவிஸ் மேட்’ என்பதையே காணோம். தொழிற்சாலையில் அச்சிட்ட டயலில் இந்த மூன்றும் ஒன்றாக நடக்காது.

அடுத்தது ஒமேகா. டயலில் மேலே ஒட்டிய சின்னம், கீழே சாய்ந்த எழுத்தில் சீமாஸ்டர், அதற்கும் கீழே டி வில். இந்த இரண்டு பெயரும் ஒன்றாக இருப்பதே காலத்தைக் காட்டிவிடும். சீமாஸ்டர் 1948இல், ஒமேகாவின் நூறாவது ஆண்டை ஒட்டி வந்த பெயர். 1960 அளவில் அதற்குள்ளேயே மெல்லிசான, நகரத்து உடுப்புக்கு ஏற்ற பிரிவாக டி வில் வந்தது, 1967இல் அது தனிக் குடும்பமாகப் பிரிந்து போய்விட்டது. ஆக இரண்டு பெயரும் சேர்ந்த டயல் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட காலத்துச் சாமான். பிளாஸ்டிக் கண்ணாடியின் நட்ட நடுவில், வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில், கிரேக்க ஒமேகா எழுத்து ஒன்று பொறித்திருக்கும். விளக்கைச் சரித்துப் பிடித்துத் தேடினால்தான் அகப்படும். இதில் அது இருந்தது. அதாவது கண்ணாடி கம்பெனிக் கண்ணாடி, நம்மூரில் வெட்டிப் போட்டது இல்லை. டயல் ஒரு காலத்தில் வெள்ளி நிறம், இப்போது ஒரே சீராகப் பழுத்து இளம் பாலாடை நிறத்துக்கு வந்திருந்தது. எழுத்துகள் ஊசி முனையாக நின்றன. எனக்கு அப்போதே மனசுக்குள் முடிவு வந்துவிட்டது, ஆனால் உள்ளே பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

உள்ளே பார்ப்பதுதான் இங்கே சிக்கல். மணிக்கூட்டைத் திருப்பினால் பின்னால் கடற்குதிரை முத்திரை, அதைச் சுற்றி ஓரத்தில் நாலைந்து இடங்களில் கத்தியால் கீறிய தழும்பு. காத்தான்குடியைச் சேர்ந்த நானா ஒருவரிடம் கொண்டுபோனோம், டவுனில் சின்னதாக ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்துக்கொண்டு இந்த வேலையே தொழிலாக இருப்பவர். கையில் வாங்கியதும் அவர் சிரித்துவிட்டார்.

“சேர், இத ஆரோ பின்னால கிளப்பிப் பாத்திருக்காங்க. இதுக்குப் பின்மூடியே இல்லையே, எங்க கிளப்புற?”

அதுதான் விசயம். இந்த வகைக் கேஸ் ஒரே துண்டு. பின்பக்கமும் சுற்றுப் பக்கமும் சேர்த்து ஒரு கிண்ணம் மாதிரிக் கடைந்தது, இயந்திரம் முன்பக்கத்தால்தான் உள்ளே போகும், வெளியே வரும். திறப்பதற்கு நானா செய்ததை அருகில் இருந்து பார்த்தேன். முதலில் சாவி கொடுக்கும் தலையைப் பிடித்து நேரே வெளியே இழுத்தார். சாதாரண மணிக்கூட்டில் அப்படி இழுத்தால் உள்ளே முறிந்துவிடும். இதில் தண்டு இரண்டு துண்டாகக் கொளுவியிருப்பது, ஒரு ‘டிக்’ சத்தத்தோடு வெளித்துண்டு மட்டும் கழன்று வந்தது. அடுத்து, சுற்றிவரக் குட்டி நகங்கள் உள்ள ஒரு கருவியைக் கண்ணாடிமேல் வைத்து மெல்ல இறுக்கினார். பிளாஸ்டிக் கண்ணாடி உட்பக்கமாகச் சுருங்கி, பள்ளத்தை விட்டு எழும்பியது. இந்தக் கருவி இல்லாத இடங்களில் தலை இருந்த துவாரத்தால் காற்றை அடித்துக் கண்ணாடியைக் கிளப்புவார்களாம். பிறகு கேஸைக் கவிழ்த்து உள்ளங்கையில் ஒரு தட்டு. டயல், முள், இயந்திரம் எல்லாம் ஒன்றாகக் கையில் விழுந்தன.

உள்ளே 601 என்ற இயந்திரம். கையால் சாவி கொடுப்பது, தேய்மானம் குறைக்க உள்ளே பதித்த 17 கல், மணிக்கு 19,800 தட்டு, அதாவது விநாடிக்கு ஐந்தரை. பற்றரி மணிக்கூட்டில் விநாடி முள் நின்று நின்று குதிக்கும், இதில் பொடிப்பொடித் துள்ளலாக ஓடும். அந்தக் காலத்து ஒமேகா இயந்திரங்களுக்கே உரிய செம்பு நிறம். அந்த நிறத்துக்கு ஒரு வசதி உண்டு, ஈரம் உள்ளே போயிருந்தால் கறுப்பும் புள்ளியும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். இதில் ஒரு ஓரத்தில் லேசான மங்கல், அவ்வளவுதான். கிண்ணத்தின் அடியில் 135.020 என்று இலக்கம். ஒமேகாவின் அந்தக் காலத்துக் குறியீட்டில் முதல் 1 ஆண்களுக்கானது என்பதற்கு, 3 கையால் சாவி கொடுப்பது, நடுவில் விநாடி முள் உள்ளது என்பதற்கு, 5 நீர் புகாதது என்பதற்கு. இயந்திரத்தின் எட்டு இலக்கத் தொடர் எண் 24இல் தொடங்கியது, அது 1960களின் நடுப்பகுதி. டயலும் கேஸும் இயந்திரமும் ஒரே கதையைச் சொல்லின. சேகரிக்கிறவர்கள் முதலில் தேடுவது இந்தப் பொருத்தத்தைத்தான், ஏனென்றால் சந்தையில் ஓடும் பழைய ஒமேகாக்களில் மூன்று மணிக்கூட்டின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியவை தாராளம்.

இதில் பொருந்தாத ஒரே உறுப்பு சாவித் தலை. சின்னம் இல்லாத வெறும் தலை, எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

தங்க நிறத்தின் உள்ளே வேறு உலகம். பின்மூடி அழுத்திப் பொருத்துகிற வகை, றப்பர் வளையம் ஒன்றும் இல்லை. தண்டும் அதைச் சுற்றிய பற்களும் துருப்பிடித்துச் சிவப்புத் தூளாகக் கொட்டின, நேரத்தை அளந்து ஆடுகிற பலன்ஸ் சில்லின் ஹெயார் ஸ்பிரிங்கில் ஒரு இடத்தில் துரு. நானா அதைப் பார்த்துவிட்டு மூடியைத் திரும்ப வைத்துவிட்டார்.

அப்புறம்தான் சேர் 1978 நவம்பர் 23 ராத்திரியைச் சொன்னார். மட்டக்களப்பில் அந்தப் புயலைத் தெரியாத குடும்பம் இல்லை. கூரை போய், அலுமாரிக்குள் விடிய விடிய மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நகைப் பெட்டி முழுக்க நனைந்து, மறுநாள் எல்லாவற்றையும் துடைத்து வெயிலில் வைத்தார்களாம், இரண்டு மணிக்கூட்டையும் சேர்த்து. துடைத்தால் வெளி காயும், உள்ளே போன தண்ணீர் போகாது. ஸ்டீல் கிண்ணத்துக்குப் பின்னால் திறப்பே இல்லாததால் மழை உள்ளே போவதற்கு வழி தலையும் கண்ணாடி ஓரமும் மட்டும்தான், இரண்டும் அப்போது இறுக்கமாக இருந்திருக்க வேண்டும். புயல் மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், ஒக்டோபரில் இருந்து தை வரைக்கும் சுவரே வியர்க்கிற ஊரில் மெல்லிசான அழுத்து மூடி மணிக்கூட்டுக்கு எந்த வருசமும் ஆபத்துத்தான். ஆனால் ஒரே இடத்தில் ஒரே மழையில் நனைந்த இரண்டில் ஒன்று செத்து ஒன்று பிழைத்ததற்கு கேஸின் அமைப்பைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கை படாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது நாட்டின் கதை. 1970இல் இருந்து 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு, வெளிநாட்டு மணிக்கூடு குதிரைக் கொம்பு. இருந்ததைப் பொத்தி வைத்தார்கள். 77இல் பொருளாதாரம் திறந்ததும் கடை நிறையப் பற்றரி மணிக்கூடுகள். செய்க்கோ 1969 டிசம்பர் 25இல் டோக்கியோவில் விற்கத் தொடங்கிய குவாட்ஸ் என்கிற பற்றரி மணிக்கூடு, பத்து வருசத்துக்குள் சுவிஸ்காரரின் தொழிலையே ஆட்டிவிட்டது. சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்கள் சிற்றிசனும் செய்க்கோவுமாகக் கொண்டுவந்து உறவுக்கெல்லாம் கொடுத்தார்கள். சாவி கொடுக்கும் பழைய ஒமேகாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அலுமாரியிலேயே கிடந்தது. யாருக்கும் வேண்டாமல் போனதுதான் அதைக் காப்பாற்றியது. தங்க நிறத்தின் மேல் எல்லோருக்கும் ஆசை, அதனால்தான் அதன் டயலைக் கொண்டுபோய்ப் புதுசாக எழுதுவித்திருக்கிறார்கள், அதுவும் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லாத காலத்தில்.

என் கணிப்பில் பழைய டிரெஸ் வோச்சின் கவர்ச்சி முழுக்க இந்தத் தொடாமையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. முக்குளிப்பு மணிக்கூட்டுக்கு ஒரு வேலை உண்டு, விமானிகளின் மணிக்கூட்டுக்கு ஒரு வீரக்கதை உண்டு. டிரெஸ் வோச்சுக்கு இரண்டும் கிடையாது. டயல், முள், கேஸின் கோடுகள், இவ்வளவுதான் அதன் மொத்தச் சொத்து. டயலை மறுபடி எழுதினால் பாதிச் சொத்து போகும், காதுகளின் கூர்மையான விளிம்பைப் பொலிஷ் வட்டில் தேய்த்து மழுக்கினால் மீதியும் போகும். வெயிலில் பழுப்பாகிப் போன கறுப்பு டயல்களுக்கு ‘ட்ரொப்பிக்கல்’ என்று பெயர் வைத்துக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்த டயல்களைப் பழுக்க வைத்தது நம்மைப் போன்ற ஊர்களின் வெயில்தான், நாங்களோ அவற்றைக் கழுவி வெள்ளையடிக்கிறோம்!

விலையைப் பற்றியும் சேர் கேட்டார். கனவு காண வேண்டாம் என்று சொன்னேன். இது ஒமேகா ஏராளமாகச் செய்து விற்ற மாதிரி, ஸ்டீல், சாதாரண இயந்திரம். உண்மையான டயலோடு நல்ல நிலையில் வெளிநாட்டில் சில நூறு டொலர் போகும், லட்சக்கணக்கான டொலர் கதையெல்லாம் வேறு சாமான்களுக்கு. கொழும்பு வியாபாரி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு டயல் பழசு, கீறல் வேறு என்று விலையை இடித்தார், அதே மூச்சில் டயலில் கை வைத்துவிடாதீர்கள், அப்படியே அனுப்புங்கள் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வசனத்தைச் சேர் நன்றாகக் கவனித்துக்கொண்டார்.

முடிவில் செய்தது இவ்வளவுதான். இயந்திரத்தை முழுக்கக் கழற்றிக் கழுவி, காய்ந்து பிசினாகிப் போன எண்ணெயை எடுத்துப் புது எண்ணெய், புது மெயின் ஸ்பிரிங், தலைக்குப் புது றப்பர் வளையம். கண்ணாடியின் கீறல்களை நானா பசை போட்டுத் துணியால் தேய்த்தே எடுத்துவிட்டார், பிளாஸ்டிக்கின் நன்மை அது. உண்மையான கண்ணாடி என்பதால் மாற்றவில்லை. டயலை ஊதித் தூசு எடுத்ததோடு சரி, துணிகூடப் படவில்லை. கேஸுக்கு பொலிஷ் இல்லை. பின்னால் உள்ள கத்தித் தழும்பை மட்டுமாவது எடுக்கலாமே என்று சேர் ஆசைப்பட்டார், அதை எடுக்கப் போனால் பக்கத்தில் உள்ள கடற்குதிரையும் மங்கும் என்று நானா மறுத்துவிட்டார். நல்ல மனுசன், காசுக்காக ஓம் என்று சொல்லியிருக்கலாம். சின்னம் உள்ள தலை கிடைத்தால் பிறகு மாற்றலாம் என்று விட்டிருக்கிறோம். இப்போது நாளுக்குப் பத்துப் பதினைந்து விநாடிப் பிழைக்குள் ஓடுகிறது, அறுபது வருசத்துச் சாமானுக்கு அது போதும்.

தங்கம் பூசும் யோசனைக்குக் கனடாத் தங்கச்சியிடம் மறுப்புச் சொன்னது சேருடைய மகள். தொலைபேசியில், “மாமி, அதுல பூசினா பிறகு அது அப்பப்பாட மணிக்கூடு இல்ல, கடையில வாங்கின மணிக்கூடு” என்றாள். மணிக்கூட்டைக் கையில் கட்டிப் பார்த்ததும் அவள்தான். 34 மில்லிமீற்றர் அளவு இன்றைய ஆண்களுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் பெண்ணின் கைக்கு அச்சொட்டாக இருந்தது, 18 மில்லிமீற்றர் கறுப்புத் தோல் பட்டியோடு. மாப்பிள்ளைக்குப் புதுசாக வேறு வாங்கிக் கொடுத்தார்கள், அவருக்கு அதுதான் விருப்பமும்கூட.

அவளுக்கு நானா சொல்லி அனுப்பியதை இங்கே எழுதிவிடுகிறேன், இதே மாதிரி மணிக்கூடு வைத்திருப்பவர்களுக்கு உதவும். நீர் புகாதது என்று இலக்கம் சொன்னாலும் அது 1960களில் கொடுத்த வாக்கு, இப்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, தடுக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். மாரியில் தோல் பட்டி ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடித்துவிடும், அதைக் கழற்றித் தனியே வைத்து, மணிக்கூட்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தால் நல்லது. யாராவது பின்பக்கத்தைத் திறக்கக் கத்தியை எடுத்தால் உடனே வாங்கிக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

தங்க நிறத்தை சேர் விற்கவில்லை. ஓட வைக்கலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவு மணிக்கூட்டின் விலையைத் தாண்டும் என்று நானா சொன்னதால் அப்படியே திரும்ப எடுத்துப் போனார், அம்மா வீட்டார் போட்டது என்பதால்.